லோகேஸ்வரியின் பயம் எத்தனை கிலோ?

முப்பத்திரண்டு வருஷம் நான் ஒரு கிராம் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை. எடையளவு முத்திரை ஆய்வாளர் உத்தியோகம் அப்படி. வேலூர் வட்டாரத்தில் எந்தக் கடையில் எந்த எடைக்கல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று என் உள்ளங்கை சொல்லும். அதை நான் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போடுவேன். ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம் கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்து, மனைவி கற்பகவல்லியிடம், "விழாவுக்குப் பத்தாயிரம் பேர் வந்திருந்தாங்க" என்றேன். வந்திருந்தது நாற்பத்தொரு பேர். ஆனால் சொன்ன மாத்திரத்தில் உடம்பெல்லாம் ஒரு சுகம் பரவியது பாருங்கள், இறுக்கமான செருப்பைக் கழற்றி வீசியதைப் போல! அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் நிறுத்தவில்லை.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம். ஏனென்றால் இந்தக் கதையில் ஓர் இடத்தில் நான் நிஜம் பேச வேண்டி வந்தது. அதற்குள் என் பேச்சை நம்ப ஊரில் ஓர் ஆள் மிச்சமில்லை.

அறுபத்திரண்டாவது வயதில் விளையாட்டு உளவியல் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் பதினெட்டு மாணவர்கள். மற்ற பதினேழு பேரின் வயதையும் கூட்டினால்கூட என் வயது வராது என்று கற்பகவல்லியிடம் சொன்னேன். "உங்களுக்கு இன்னா வயசு, முந்நூத்து எழுபதா?" என்று கேட்டாள். அவள் கூட்டலில் புலி.

அந்தப் படிப்புக்கு அப்போது ஏக மவுசு. காரணம், வில்லைகள்.

முதல் நாள் வகுப்பில் பேராசிரியை ஷாஹிதா ஒரு டப்பாவைத் திறந்து இரண்டு வில்லைகளை மேசையில் வைத்தார். சட்டைப் பொத்தான் அளவுதான். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு.

"பச்சை, விளையாடுறவங்க காதுக்குப் பின்னாடி. சிவப்பு, உங்க காதுக்குப் பின்னாடி. ரெண்டையும் ஒட்டினா, அவங்களோட போட்டி பயம் மொத்தமும் உங்க உடம்புக்கு வந்துடும். நெஞ்சு படபடப்பு, வயித்துப் பிசைவு, கை நடுக்கம் எல்லாம். அவங்க பயமில்லாம விளையாடுவாங்க. நீங்க ஓரமா உக்காந்து அதைத் தாங்கணும். அதனாலதான் உங்களுக்குப் பேரு தாங்கி."

முதல் பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மேடம், எதுக்கு நாம தாங்கணும்? எடுத்து ஒரு டப்பால போட்டு மூடிட முடியாதா?"

"டப்பாவுக்கு நெஞ்சு துடிக்காதேம்மா. பயம்னா அது ஏதாவது ஒரு உடம்புல இருந்தாகணும். அழிக்க வழியில்ல. இடம் மாத்தத்தான் வழி."

"எங்க டிபார்ட்மெண்ட்லயும் அப்படித்தான் மேடம்" என்றேன் நான். "குறையிற எடை எங்கயும் காணாமப் போறதில்ல. யாரோ ஒருத்தர் தலையில போய் உக்காந்திருக்கும்."

பேராசிரியை வருகைப் பதிவேட்டில் என் பெயரைத் தேடினார். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர். என்னை என்ன சொல்லி அழைப்பது என்று அவரால் கடைசிவரை ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நல்ல நாளில் 'சார்', கோபம் வந்தால் 'மிஸ்டர் தணிகாசலம்'.

வில்லை வந்த புதிதில் யாரும் யாருக்கும் தாங்கியாகலாம் என்று இருந்தது. சென்னையில் ஒரு செஸ் பையனின் அப்பா, தன் கார் டிரைவரைப் பிடித்து உட்கார வைத்தார். பையன் ஜெயித்தான். டிரைவர் மூன்று நாள் காரை விட்டு இறங்கவே இல்லை. தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வீட்டு வேலைக்கார அம்மாக்கள், பாட்டுப் போட்டிக்குப் போகும் குழந்தைகளுக்கு வாட்ச்மேன்கள் என்று வசதியுள்ளவர்களின் பயமெல்லாம் வசதியில்லாதவர்களின் வயிற்றில் போய்ச் சேர்ந்தது. பிறகுதான் சட்டம் வந்தது. தாங்கி என்றால் விளையாட்டு உளவியலில் முதுநிலை படித்தவராகவோ படிப்பவராகவோ இருக்க வேண்டும். தாங்குவதுதான் எங்களுக்குச் செய்முறைத் தேர்வு.

என் வகுப்புப் பிள்ளைகள் அதற்கு நடுங்கினார்கள். தாங்கிய பயத்தில் கொஞ்சம் அடியில் தங்கிவிடும். சீனியர் பெண் ஒருத்தி ஒரு வில்வித்தை வீரனுக்குத் தாங்கிவிட்டு, ஒரு மாதம் கத்தியைத் தொடாமல் கத்தரிக்காயைக் கையால் பிய்த்துக் குழம்பு வைத்தாள். எனக்கோ அது திருவிழா! முதலில் ஒரு கபடிப் பையனின் பயத்தைத் தாங்கினேன். அடடா, இருபது வயது நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. தண்டவாளத்தில் நூறு ரயில் ஒரே நேரத்தில் ஓடுவதுபோல் ஓடியது. கல்யாணத்துக்கு முதல் நாள் வந்த படபடப்பு, வட்டியில்லாமல் திரும்பி வந்தது.

அனுபவப் படிவத்தில் 'பயத்தின் அளவு, சுழியம் முதல் பத்து வரை' என்று ஒரு கட்டம் உண்டு. நான் நாலாயிரம் என்று எழுதினேன். பேராசிரியை சிவப்பு மையில் அடித்துவிட்டு, பக்கத்தில் வில்லைகளோடு இணைத்த கருவி காட்டிய அளவை எழுதினார்: ஆறு. இதே கதை செமஸ்டர் முழுக்க நடந்தது. நான் எழுதுவேன், அவர் அடிப்பார்.

இறுதிச் செய்முறைக்கு எனக்குக் கிடைத்தவள் லோகேஸ்வரி.

இருபது வயது. குடியாத்தம் பக்கம். மாவட்ட விளையாட்டு விடுதியில் தங்கிப் பளு தூக்குகிறாள். அவள் கை கொடுத்தால் நம் கை நமக்குத் திரும்பி வருமா என்று சந்தேகம் வரும். அவளுடைய பயிற்சியாளர் டேனியல் மாஸ்டர், அவருடைய அப்பா ஆரம்பித்த கூடத்தையே நடத்துகிறார். தகரக் கூரை. வேலூர் வெயிலில் அதன் கீழ் நின்றால் முட்டை கையிலேயே வெந்துவிடும்.

அந்தக் கூடத்துக்கு ஊரில் ஒரு பெயர் இருந்தது: 'நடுங்கிக் கூடம்'. அங்கே பழகுகிறவர்கள் கூடத்தில் சிங்கம், போட்டியில் எலி. பயிற்சியில் பூ மாதிரித் தூக்கியதைப் போட்டியில் கீழே போட்டுவிடுவார்கள். பதினைந்து வருஷமாக இதே கதை. போன வருஷம் ஒரு பையன், இனி யாரும் என்னை நடுங்கி என்று சொல்லக்கூடாது என்று வீம்பாகத் தூக்கி, முழங்கையை முறித்துக்கொண்டான். பயத்தை ஆராய இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்றுதான் எங்கள் துறை அந்தக் கூடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது.

"இவ கேசைக் கேளுங்க சார்" என்றார் டேனியல் மாஸ்டர். "போட்டில ரெண்டு பகுதி. முதல் பகுதி, ஒரே இழுப்புல தலைக்கு மேல. அதுல எப்டியோ ஒப்பேத்திடுவா. ரெண்டாவது, தோளுக்கு ஏத்தி அப்புறம் மேல தள்றது. அதுல எட வெயிட்டா இருக்கும். இங்க நூத்து இருபது தூக்குறா, தெனமும். போட்டில நூத்துப் பதினெட்டுதான் கேக்குறேன். மூணு சான்சு. மூணும் கீழ. ரெண்டு போட்டியா அப்டியே."

"மூணும் கீழ போனா?"

"முட்டை. மொத்த எடைன்ற கட்டமே காலி. அடுத்ததும் முட்டைன்னா விடுதில பேரை அடிச்சிடுவாங்க. சாமானை எடுத்துக்கினு ஊருக்குப் போவ வேண்டியதுதான்."

லோகேஸ்வரி, பிடி வழுக்காமலிருக்க மாவு பூசிய கையைத் தட்டிக்கொண்டே சிரித்தாள். "ஊர்ல பீடி சுத்தணும் சார். எங்க அம்மா முறத்தை ரெடியா வெச்சிருக்குது."

சிரிப்பாகச் சொன்னாலும், சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

"போட்டில உனக்கு என்ன ஆவுது?" என்று கேட்டேன்.

"பயத்துல எட கூடத் தெரியுது சார். இங்க தூக்குற அதே பிளேட்டு, அங்க போனா யாரோ அது மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்குது."

"ஒருத்தரா, பத்துப் பேரா?"

"இன்னா சார் நீங்க!" என்று மறுபடி சிரித்தாள். இந்த முறை நிஜச் சிரிப்பு.

அவள் பயத்தை முதன்முதலாகத் தாங்கியது பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில். புத்தம் புதுத் தட்டுகள். பார்க்க ஆள் இல்லை. நாங்கள் நான்கு பேர்தான். தண்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு சிவப்புத் தட்டு, ஒவ்வொன்றும் இருபத்தைந்து கிலோ. தண்டு, பூட்டு எல்லாம் சேர்த்து நூற்று இருபது. அவள் தண்டைப் பிடித்ததும் எனக்கு வந்தது. ஆனால் கபடிப் பையனிடமிருந்து வந்தது மாதிரி இல்லை. வயிறு சும்மா இருந்தது. தொண்டை காயவில்லை. உள்ளங்கையில் மட்டும் ஏதோ ஒன்று, பிடிவாதமாக. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. எங்கே என்று நினைவு வரவில்லை. அன்றைக்கு அவள் முழங்கால்வரை இழுத்துவிட்டுக் கீழே போட்டாள். படிவத்தில் 'உள்ளங்கையில் ஆயிரம் யானை' என்று எழுதினேன். பேராசிரியை யானைகளை அடித்துவிட்டு ஏழு என்று போட்டார்.

அடுத்த சோதனை, வியாழக்கிழமை, டேனியல் மாஸ்டரின் கூடத்தில். அதே நூற்று இருபது. எனக்கு ஒன்றுமே வரவில்லை. கருவியில் சுழியம். லோகேஸ்வரி தூக்கி நிறுத்திவிட்டுக் கண்ணடித்தாள்.

"பழகின இடம். பயமில்ல" என்று குறிப்பு எழுதினார் பேராசிரியை.

அன்றைக்குப் பயிற்சி முடிந்ததும், தாங்கியும் கூடத்து ஆள்தான் என்று டேனியல் மாஸ்டர் என்னையும் தட்டுகளை அடுக்க விட்டார். எட்டுச் சிவப்புத் தட்டுகள். வேலூர்க் கோட்டையைப் பெயர்த்துப் பாலாற்றுக்கு அக்கரையில் வைத்ததுபோல் மூன்று நாள் இடுப்பு வலித்தது. கற்பகவல்லி தைலம் தேய்த்துக்கொண்டே, "இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டைய நகத்தச் சொன்னா டாக்டர் வேணாம்னு சொன்னாருன்றது. அங்க போய்த் தூக்கினு வரது" என்றாள். நியாயமான கேள்விதான். ஆனால் அரிசி மூட்டையைவிட அது சுளுவாக இருந்தது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷ உத்தியோகம் வீண்.

மாநிலத் தேர்வுப் போட்டி திருவண்ணாமலையில், ஞாயிற்றுக்கிழமை காலையில். அரங்கில் இரண்டு லட்சம் பேர். சரி, முந்நூறு பேர்.

முதல் பகுதி நல்லபடியாக முடிந்தது. லோகேஸ்வரி காதுக்குப் பின்னால் பச்சை வில்லையோடு, கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி உலாத்தினாள். இரண்டாம் பகுதிக்கு முன்னால் பக்கத்து அறையில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். அங்கேயும் அதே போட்டித் தட்டுகள். அவள் சிறிய எடைகளில் ஆரம்பித்தாள். நான் சுவரோரம் நாற்காலியில், காதுக்குப் பின்னால் சிவப்பு வில்லையோடு. என் கை சும்மாதான் இருந்தது. இரண்டிரண்டு சிவப்புத் தட்டு ஏறியது. அவள் குனிந்து பிடித்தாள்.

வந்துவிட்டது! அதே உள்ளங்கை. அதே பிடிவாதம்.

இந்த முறை எங்கே பார்த்தேன் என்று நினைவு வந்துவிட்டது. சந்தையில் ஒரு கடைக்காரர் எடைக்கல்லை எடுத்து என் கையில் வைப்பார். மேலே ஒரு கிலோ என்று பொறித்திருக்கும். கண் ஒரு கிலோ என்று படிக்கும். கை மட்டும் 'இல்லை' என்று சொல்லும். கல்லைத் திருப்பிப் பார்த்தால் அடியில் குடைந்து மெழுகு அடைத்திருப்பார்கள். அந்த 'இல்லை'தான் இது. இதில் பயத்தின் சாயலே கிடையாது. எழுதியிருப்பதும் இருப்பதும் ஒன்றல்ல என்று கைக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

எழுந்து போய் ஓரத்தில் கிடந்த ஒரு சிவப்புத் தட்டைத் தூக்கினேன். வியாழக்கிழமை கூடத்தில் தூக்கிய எட்டையும் நினைத்துப் பார்த்தேன். உடம்பு சில்லிட்டது. அது லோகேஸ்வரியுடையது இல்லை, என்னுடையது.

டேனியல் மாஸ்டர் அதற்குள் முதல் முயற்சிக்கான அட்டையில் நூற்று இருபது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து கொண்டிருந்தார். "பயம்தான் இல்லையே. நூத்திருபதுல ஆரம்பிச்சி, நூத்தி இருபத்தஞ்சு வரைக்கும் போயிடலாம்."

"மாஸ்டர், கூடத்துப் பிளேட்டு எடை குறைவு" என்றேன்.

"இன்னாது?"

"சிவப்புப் பிளேட்டு. இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. ஒவ்வொண்ணும் ஒன்றே கால் கிலோ குறையுது. நாலு பிளேட்டுக்கு அஞ்சு கிலோ. இவ தினமும் தூக்குறது நூத்திருபது இல்ல, நூத்திப் பதினஞ்சு. இப்ப நூத்திருபதுல ஏத்தினீங்கன்னா போன வருஷத்துப் பையன் கை போன மாதிரி இவ கை போயிடும்."

அவர் முகம் கறுத்துவிட்டது. "அது எங்கப்பா நின்னு வார்த்த பிளேட்டு சார். பட்டறைல ராப்பகலா உக்காந்து வார்த்தாரு. பதினஞ்சு வருசமா அதுலதான் தூக்குறோம்."

"யாராவது நிறுத்துப் பாத்தீங்களா?"

"அதுலயே இருபத்தஞ்சுன்னு போட்டிருக்குதே சார்!"

அதுதான் விஷயம். எடை தூக்கும் கூடத்தில் எடையை யார் நிறுத்துப் பார்ப்பார்கள்? நானே முப்பத்திரண்டு வருஷம் அந்தத் தெருவழியாகத்தான் ஆபீஸ் போனேன். பக்கத்து மளிகைக் கடையில் ஐம்பது கிராம் படிக்கல்லைக்கூட விடாமல் சோதித்தேன். வியாபாரத்தில் புழங்காத எடை என்று அந்தத் தகரக் கூரைக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

"ஆயிரம் யானை, அஞ்சு கிலோ... உங்க கணக்கை யாரு நம்புறது?" என்று திரும்பிக்கொண்டார் மாஸ்டர். அவர் மேல் தப்பில்லை. ஓய்வு பெற்ற நாளிலிருந்து நான் விதைத்தது.

லோகேஸ்வரியிடம் போனேன். அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதி. "நூத்தி முப்பது குடுத்தாலும் தூக்குவேன் சார்" என்றாள். தொட்டில் குழந்தை மாதிரி ஒரு சிரிப்பு. அவளுடைய கைக்குத் தெரிந்தது இப்போது அவளிடம் இல்லை. என்னிடம் இருக்கிறது. எச்சரிக்க வேண்டியதை நான் பிடுங்கி வைத்துக்கொண்டு, அவளை வெறுங்கையோடு மேடைக்கு அனுப்பப் போகிறேன்.

"லோகு, உன் பயத்தைத் திருப்பித் தரட்டுமா?"

"ஏன் சார்? உங்களால தாங்க முடியலயா?"

"தாங்குறதுல கஷ்டமில்லம்மா. இது உனக்கு வேணும். ஆனா நடுவுல கழட்டினா மொத்தமும் ஒரே அடியா திரும்பி வரும். சம்மதமா?"

"குடுங்க சார்" என்றாள், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பதைப்போல. "எனக்கின்னா பயமா?"

அறை வாசலில் பேராசிரியை ஷாஹிதா கருவியோடு நின்றிருந்தார். என் கை காதுக்குப் பின்னால் போவதைப் பார்த்துவிட்டார். "மிஸ்டர் தணிகாசலம்! கையை எடுங்க. பாதியில கழட்டினா செய்முறையில ஃபெயில்தான். என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"தெரியும் மேடம்" என்று சொல்லிக் கழற்றிவிட்டேன்.

லோகேஸ்வரி ஒரு நொடி சுவரைப் பிடித்துக்கொண்டாள். முகம் வெளுத்தது. கண்ணில் நீர் முட்டியது. இவ்வளவு நேரம் காணாத பெண் திரும்பி வந்தாள்.

"இப்ப அந்தப் பிளேட்டைப் பிடி. தூக்க வேணாம். பிடிச்சிப் பாரு."

பிடித்தாள். கண்ணை மூடினாள். தட்டைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி இறக்கினாள். இன்னொரு முறை.

"மாஸ்டர்" என்றாள் மெதுவாக. "இது நம்ம பிளேட்டு இல்ல. இது வேற எடை."

"பயத்துல அப்டித் தெரியுதும்மா. எத்தினி தபா சொல்லிருக்கேன்?"

"நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன். சார் ஒன்றே காலுன்றாரு மாஸ்டர்."

"அவரு ஆயிரமும் சொல்லுவாரு!"

"அதான் மாஸ்டர். இவரு எப்பவாவது சின்ன எண்ணு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பஸ்ல ஏறினா ஐந்நூறு பேரு, தோசை தின்னா நாப்பது தோசை. இன்னிக்கி ஒன்றே காலுன்றாரு. காலு சேத்துச் சொல்றாரு, மாஸ்டர்!"

டேனியல் மாஸ்டர் என்னைப் பார்த்தார். பேராசிரியை என்னைப் பார்த்தார். "ஒன்றே காலுதான்" என்றேன் மறுபடியும்.

ஒலிபெருக்கியில் யார் பெயரோ வந்தது. அடுத்தது அவள். பெயரை அழைக்கும்வரை, கொடுத்த அட்டையை வாங்கி எடையை மாற்றலாம். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எவ்ளோ போடட்டும்?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, அவளைக் கேட்டார்.

அவள் உள்ளங்கையைப் பார்த்தாள். "நூத்திப் பன்னெண்டு."

மேடையில் அவள் பயந்துகொண்டுதான் ஏறினாள். கால் ஆடியது, முந்நூறு பேருக்கும் தெரிந்திருக்கும். தண்டைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தாள். தோளுக்கு ஏற்றினாள். தள்ளினாள். மூன்று நடுவர் விளக்கும் வெள்ளை: செல்லும்.

அடுத்தது நூற்றுப் பதினைந்து. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. கடைசிக்கு, "நூத்திப் பதினேழு. அதுக்கு மேல கை வேணான்னுது" என்றாள். தலைக்கு மேல் நிறுத்தும்போது இடது முழங்கை லேசாக ஆடியது. ஒரு நடுவர் சிவப்பு, இருவர் வெள்ளை. போதும்.

நான்காவது இடம். பதக்கம் இல்லை. ஆனால் மொத்த எடை என்ற கட்டத்தில் ஓர் எண் இருந்தது. விடுதியில் பெயர் இருக்கும். இறங்கி வந்தவள் மாவுக் கையால் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். என் கை எனக்குத் திரும்பி வந்தது என்பதைப் பணிவோடு தெரிவிக்கிறேன்.

"வில்லை போட்டிருந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றாள். "ஆனா முதல் பகுதில வேற யாரோ தூக்கின மாதிரி இருந்துச்சு. இது நான் தூக்கினேன்."

பேராசிரியை எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கருவியை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டார்.

"நம்ம துறையில இதுவரைக்கும் நானூத்திப் பன்னெண்டு பேரோட பயத்தை மாத்தியிருக்கோம் சார்" என்றார். "அது என்ன சொல்ல வந்துச்சுன்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல." பையிலிருந்து என் பழைய படிவங்களை எடுத்தார். சிவப்பு மையில் தான் அடித்திருந்த வரியை விரலால் தடவினார். 'உள்ளங்கையில் ஆயிரம் யானை.' "உள்ளங்கைன்னு எழுதியிருக்கீங்க. யானையோட சேத்து அதையும் அடிச்சிட்டேன்."

"யானையை மட்டும் அடிச்சிருக்கலாம் மேடம். அதுங்க பொய்."

அவர் சிரித்தார். ஆனாலும் விதி விதிதான். செய்முறையில் நான் ஃபெயில். இன்னொரு வருஷம் படிக்க வேண்டும். கற்பகவல்லிக்குப் போன் போட்டு, "உலகத்திலேயே முதல் ஆளா ஃபெயிலாயிட்டேன்!" என்றேன். "உங்க குரல்ல அந்தக் கஷ்டம் தெரியுது" என்றாள்.

திங்கட்கிழமை காலை, டேனியல் மாஸ்டரும் லோகேஸ்வரியும் நானும் ஒரு ஆட்டோவில் எட்டுத் தட்டுகளையும் ஏற்றி, கமால் பாயின் பழைய இரும்புக் கடைக்குப் போனோம். அவரை நான் உத்தியோகத்தில் மூன்று முறை பிடித்திருக்கிறேன். அதன் பலனாக, ஊரிலேயே சுத்தமான தராசு இன்று அவருடையதுதான்.

"சலாம் சார்! இன்னும் விடலயா நீங்க?" என்றபடி தராசைத் துடைத்துவிட்டார்.

முதல் தட்டை வைத்தோம். இருபத்து மூன்று கிலோ எழுநூற்று அறுபது கிராம். அடுத்தது எழுநூற்று அறுபத்தைந்து. எட்டும் அப்படித்தான், சொல்லிவைத்த மாதிரி. ஒரே அச்சில் வார்த்தது. அச்சே குறை.

ஒன்றே கால் கிலோ என்று நான் சொன்னதற்கு, பத்து கிராம் குறைந்தது. "பத்து கிராம் கூட்டிச் சொல்லிட்டேன்" என்றேன். "மன்னிக்கணும்."

லோகேஸ்வரி சிரித்தாள். டேனியல் மாஸ்டர் சிரிக்கவில்லை. தட்டின் மேல் அவருடைய அப்பா பொறித்திருந்த இருபத்தைந்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே நின்றார். அவர் கோபப்படுவார், அல்லது அழுவார் என்று நினைத்தேன். அவர் போனை எடுத்தார்.

"எத்தினி பேரை அந்த மாதிரி பேசிருப்பேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "'உனக்கு நெஞ்சுல ஒண்ணுமில்லடா'ன்னு."

எண்ணைத் தேடி அழுத்தினார். ஒலியைப் பெரிதாக வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"யாரு?" என்றது ஒரு கரகரப்பான குரல். பின்னால் கல் அறுக்கும் சத்தம்.

"செல்வமணி, டேனியல் பேசறேன்டா. இன்னா பண்ற இப்ப?"

"மாஸ்டரா? டைல்ஸ் ஒட்டிக்கினு இருக்கேன் மாஸ்டர், ஆரணில. இன்னா விசயம்? யாருக்கின்னா உடம்பு கிடம்பு..."

"அதெல்லாம் இல்லடா. பன்னெண்டு வருசம் முன்னாடி, சேலத்துல. நூத்து நாப்பது. மூணு தபாவும் கீழ போட்டியே, நெனப்பு இருக்குதா?"

கல் அறுக்கும் சத்தம் நின்றது. "மறக்க முடியுமா? அதோட விட்டேனே. ஏன் மாஸ்டர், அத்தப் போய் இப்ப?"

"நீ பயப்படலடா." டேனியல் மாஸ்டர் தராசைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நம்ம பிளேட்டு எடை கம்மி. அன்னிக்கி நிஜமாவே எடை ஜாஸ்தி. நீ பயப்படல செல்வமணி. உனக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

மறுமுனையில் பேச்சில்லை. எவ்வளவு நேரம் என்று வேறு எப்போது கேட்டாலும் ஒரு யுகம் என்றுதான் சொல்வேன். கமால் பாய் கடைச் சுவரில் கடிகாரம் இருந்தது. பதினோரு விநாடி.

"இன்னொரு தபா சொல்லுங்க மாஸ்டர்" என்றது குரல். "இருங்க. இங்க என் வீட்டுக்காரியும் வேலைக்கு வந்திருக்குது. போனை அது கைல குடுக்கறேன். அதுகிட்ட சொல்லுங்க."